சேலமா, சிவகாசியா, துணியா? ஓய்வு நேரத்தில் பலகை விளையாட்டு வெளியிடுவோருக்கு

பகலில் வேறு வேலை. மாலையில் இரண்டு மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் சொந்த நேரம். விளையாட்டு தயாராகிவிட்டது: விதிகளைப் பலரிடம் ஆடவிட்டுத் திருத்தியாயிற்று, 54 அட்டை, 40 செ.மீ. சதுரப் பலகை ஒன்று, நான்கு பேருக்குக் காய், ஒரு ஜோடி தாயக்கட்டை. இனி எங்கே அடிப்பது?

கொட்டேஷன் வாங்கப் போகிற எல்லோரும் முதலில் கேட்பது, ஒரு பெட்டிக்கு எவ்வளவு ஆகும் என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, ஒரு பெட்டிக்கு நம் கை எத்தனை நிமிடம் பட வேண்டும் என்பது. பேப்பர் விலையை அச்சகம் எழுதிக் கொடுத்துவிடும். வெட்டுவது, மூலை உருட்டுவது, அடுக்குவது, ஒட்டுவது, மடிப்பது, எண்ணிப் பார்ப்பது ஆகியவற்றை யாரும் எழுதித் தரமாட்டார்கள். ஓய்வு நேரத் தொழில் நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான். பணம் தீருவதற்கு முன்பே மாலை நேரம் தீர்ந்துவிடும்.

ஓர் உதாரணம். அட்டையின் நான்கு மூலையையும் கையால் அழுத்தும் சிறு பஞ்ச் கருவியில் உருட்டுகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு கட்டுக்கு 54 × 4, அதாவது 216 மூலை. இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்தினாலும் 108 அழுத்து. நூறு கட்டுக்கு 10,800. அதே வேலையை டைரியும் விசிட்டிங் கார்டும் செய்யும் பைண்டிங் கடையில் மேசையோடு பொருத்திய கார்னர் கட்டரில் கொடுத்தால், பாதிக் கட்டு ஒரே அழுத்தில் முடியும். கட்டுக்கு எட்டு அழுத்து. மொத்த வேலையையும் கணக்கிட்டால், வெட்டு வேலையை வெளியே கொடுப்பவருக்குப் பெட்டிக்குப் பத்து நிமிடம் போதும். எல்லாம் வீட்டிலேயே என்பவருக்கு 40 நிமிடம் பிடிக்கும். 90 பெட்டிக்கு முன்னது 15 மணி நேரம், பின்னது 60 மணி நேரம். தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் முன்னது ஒரு வாரச் சொச்சம், பின்னது முழு மாதம்.

சேலத்தில் இருப்பவர் முன் உள்ள வழிகள் ஐந்து: வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்ளும் கோப்பாக விற்பது, ஊரிலேயே டிஜிட்டல் அச்சு, பலகையை மட்டும் துணியில் அடிப்பது, சிவகாசியில் ஆஃப்செட் (தகடு செய்து ஒரே நேரத்தில் நிறைய பிரதி அடிக்கும் அச்சு), சீனாவில் தயாரிப்பது. இவற்றில் நடுவில் இருக்கும் மூன்றுதான் உண்மையான போட்டி. முதலும் கடைசியும் சீக்கிரம் முடிந்துவிடும்.

கோப்பாக விற்பதில் கைவேலையே இல்லை. ஏ4 தாளில் 63 × 88 மி.மீ. அட்டை மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது உட்காரும். 54 அட்டைக்கு ஆறு தாள். ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்ல வெளியூர் நண்பர்களுக்கு அனுப்ப இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் நம் ஊரில் தாளை வெட்டி உறையில் போட்டு விளையாடப் பணம் கொடுப்பவர் குறைவு. இதைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வருமானத்துக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

சீனத் தொழிற்சாலைகளில் குறைந்தபட்ச ஆர்டர் பெரும்பாலும் 500 முதல் 1,000 வரை தொடங்கும். கப்பல், சுங்கம், ஜனவரி–பிப்ரவரியில் அவர்களுடைய புத்தாண்டு விடுமுறை எல்லாம் தனி. குழந்தைகளுக்கான விளையாட்டாக இருந்தால் அந்தத் தொழிற்சாலையே பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) உரிமம் வைத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் உருவங்கள் இல்லாமல் விளையாட்டே இல்லை என்கிற நிலையில்தான் அந்தப் பக்கம் பார்க்கலாம். அமெரிக்காவின் மேடிசன் நகரில் இயங்கும் தி கேம் கிராஃப்டர் போன்ற இடங்கள் ஒரே ஒரு பிரதியைக்கூட அச்சிட்டுத் தருகின்றன. மாதிரிக்கு அழகுதான், ஆனால் கடல் தாண்டி வரும் அனுப்புச் செலவோடு பார்த்தால் விற்பனைக்கு ஒத்துவராது.

ஊரிலேயே டிஜிட்டல்

ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி, செவ்வாய்பேட்டை என்று எங்கே போனாலும் 12 × 18 அங்குலத் தாளில் அடித்துத் தரும் டிஜிட்டல் கடை கிடைக்கும். சாதாரணமாக அவர்கள் அடிப்பது விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை, சான்றிதழ். விளையாட்டு அட்டை அவர்களுக்குப் புது வேலை என்பதால், கோப்பை நீங்களே சரியாக அமைத்துக் கொடுப்பதில்தான் பாதி வெற்றி.

63 × 88 மி.மீ. அட்டைக்கு நான்கு பக்கமும் 3 மி.மீ. வெட்டு ஓரம் விட்டால் 69 × 94 மி.மீ. 12 × 18 தாளில் குறுக்கே மூன்று, நெடுக்கே ஆறு என 18 அட்டை வரும். 54 அட்டைக்கு மூன்று தாள். இங்கே பலரும் செய்வது, 18 வெவ்வேறு அட்டைகளை ஒரு தாளில் வைத்து அதை நூறு பிரதி அடிப்பது. வெட்டிய பிறகு 54 குவியல் கிடக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றை எடுத்துக் கட்டுச் சேர்க்க வேண்டும். ஒரு குவியலில் எண்ணிக்கை தவறினால் அதன் பிறகு சேர்க்கும் எல்லாக் கட்டும் சந்தேகத்துக்குரியது.

இதற்கு மாறாக, ஒரு தாளில் 18 இடத்திலும் ஒரே அட்டையை வையுங்கள். முதல் தாள் முழுக்க முதல் அட்டை, இரண்டாம் தாள் முழுக்க இரண்டாம் அட்டை, இப்படி 54 தாள். 54 தாளையும் வரிசையாக அடித்து ஒன்றாக அடுக்கி வெட்டினால் 18 குவியல் வரும். ஒவ்வொரு குவியலும் வரிசை மாறாத ஒரு முழுக் கட்டு. தாள் கணக்கு அதேதான்: 18 கட்டுக்கு 54 தாள், கட்டுக்கு மூன்று. டிஜிட்டலில் பிளேட் (அச்சுத் தகடு) கிடையாது என்பதால் ஒவ்வொரு தாளும் வேறாக இருப்பதற்குத் தனிக் காசு இல்லை. சேர்க்கிற வேலை முழுவதும் மறைந்துவிடும்.

இன்னொரு லாபமும் உண்டு, அதுதான் பெரிது. முன்பக்கமும் பின்பக்கமும் அச்சில் ஒன்றுக்கொன்று அரை மி.மீ. விலகுவது சகஜம். அந்த விலகல் தாளின் ஓரத்தில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி இருக்கும். 18 இடத்திலிருந்து வந்த அட்டைகள் ஒரே கட்டில் கலந்தால், முதுகைப் பார்த்தே சில அட்டையை அடையாளம் சொல்லிவிடலாம். ரகசியமாகக் கையில் பிடிக்கும் விளையாட்டு அதோடு கெட்டது. ஒரே இடத்து அட்டைகள் மட்டுமே ஒரு கட்டில் இருந்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு விலகியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

ஆபத்து ஒன்றுதான். பதினேழாவது தாளை இயந்திரம் இழுக்காமல் விட்டால் 18 கட்டிலும் பதினேழாவது அட்டை இருக்காது. அதனால் தாளின் வெட்டு ஓரத்தில் 1 முதல் 54 வரை எண் போடுங்கள். கட்டிங் மிஷினுக்குப் போகும் முன் கடையிலேயே நின்று எண்ணுங்கள். ஐந்து அடுக்கு அடித்தால் 90 கட்டு, 270 தாள். ஆறாவது அடுக்கு ஒன்றையும் சேர்த்து அடித்துவிடுவது நல்லது. அட்டை தொலைத்துவிட்டேன் என்று கேட்பவருக்குக் கொடுக்கக் கையில் இருக்கும்.

அட்டை 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 300 கிராம்) ஆர்ட் போர்டு போதும். 54 அட்டை சுமார் 90 கிராம் வரும், லேமினேஷனோடு நூறு கிராம். சீட்டுக்கட்டுக்கென்றே நடுவில் கருப்பு அல்லது நீலப் படலம் வைத்துச் செய்யும் பேப்பர் உண்டு. வெளிச்சத்தில் பிடித்தாலும் மறுபக்கம் தெரியாது. உள்ளூர் கடைகளில் அது பெரும்பாலும் இருக்காது. பின்பக்கத்தை அடர்ந்த நிறத்தில் வடிவமைத்தால் ஆர்ட் போர்டிலேயே சமாளிக்கலாம். பின்பக்கத்தில் வெள்ளைக் கரை வேண்டவே வேண்டாம். 3 மி.மீ. கரையில் 1 மி.மீ. வெட்டு விலகினாலும் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். கோலப் புள்ளி மாதிரி சிறு உருவம் திரும்பத் திரும்ப வந்து, விளிம்பைத் தாண்டி ஓடும் முதுகுதான் குற்றத்தை மறைக்கும்.

லேமினேஷன் இரண்டு பக்கமும் போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் படலம் இல்லாத பக்கம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரிய, படலம் உள்ள பக்கம் அப்படியே நிற்க, அட்டை வளைந்துவிடும். சேலத்துச் சித்திரை வெயிலில் தட்டையாக இருந்த கட்டு, ஏற்காட்டு மழையில் ஒரே ராத்திரியில் படகாக வளைவது இதனால்தான். அச்சடித்த சூட்டோடு லேமினேஷனுக்கு விடாதீர்கள். டோனர் (டிஜிட்டல் அச்சின் பொடி மை) மேல் படலம் சரியாகப் பிடிக்காமல் மூலை உருட்டிய இடத்தில் உரியும். ஒரு நாள் ஆறவிட்டு, டிஜிட்டல் அச்சுக்கென்று வரும் அதிக ஒட்டுத்திறன் உள்ள படலம் கேளுங்கள். இன்னொன்று, இடம் மிச்சமாகிறதென்று சில அட்டைகளைத் திருப்பிப் போட்டு அடிக்கக் கூடாது. பேப்பரின் நார் ஓடும் திசை மாறினால் அந்த அட்டைகள் மட்டும் வேறு பக்கம் வளையும்.

தமிழ் எழுத்துக்குத் தனி எச்சரிக்கை. பல கடைகளில் இன்னும் பழைய மென்பொருளும் பழைய எழுத்துருவும்தான். யூனிகோடு தமிழ் அங்கே திறந்தால் கொம்பும் காலும் பிரிந்து ‘கொ’ உடைந்துபோகும். எல்லா எழுத்தையும் கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆகவே கொடுங்கள். விதித்தாளின் எழுத்து கருப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நான்கு நிறமும் கலந்த கருப்பில் அடித்தால் நிறங்கள் இம்மியளவு விலகினாலும் ண, ழ, னை போன்றவற்றின் சுழி அடைத்துக்கொள்ளும். எட்டுப் புள்ளிக்குக் கீழே எழுத்தளவு போகக் கூடாது.

பெட்டி விஷயத்தில் சேலத்துக்காரருக்கு வசதி உண்டு. கொலுசுக்கும் சேலைக்கும் அட்டைப்பெட்டி செய்பவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். மூடியும் அடியும் தனித்தனியான கெட்டிப் பெட்டிக்குக் கிரே போர்டு என்கிற சாம்பல் நிறத் தடித்த அட்டை 1.5 மி.மீ., மேலே 128 அல்லது 150 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர் அச்சடித்து ஒட்டல். நீங்கள் தாளை அச்சடித்து லேமினேஷன் போட்டுக் கொடுத்தால் மற்றது அவர்கள் வேலை. இதை வீட்டில் செய்யத் தொடங்காதீர்கள். மூலை மடிப்பில் காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டப் பழகுவதற்குள் முதல் இருபது பெட்டி குப்பைக்குப் போகும். சீட்டுக்கட்டு மட்டும் என்றால் 350 ஜிஎஸ்எம்மில் டையால் (வடிவத்துக்கேற்ப வளைத்த வெட்டுக் கத்தி) வெட்டி மடிக்கும் பெட்டியே போதும். மடிக்கும் கோட்டில் முதலில் கிரீசிங் (அழுத்தித் தடம் பதிப்பது) போட வேண்டும். இல்லையேல் டோனர் வெடித்து மடிப்பு நெடுக வெள்ளைக்கோடு விழும்.

எப்போது கொடுப்பது என்பதும் விலையைப் பாதிக்கும். உள்ளூர் அச்சகங்களுக்கு முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை நெருக்கடி. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, அச்சகத்தில் ஆள் நிதானமாக இருப்பார். கூடவே நின்று, முதல் தாளைப் பார்த்து, நிறம் திருத்தச் சொல்ல முடிகிற மாதங்கள் அவைதான்.

பலகையைத் துணியில் அடிப்பது

இந்தச் சிறு தொழிலுக்குச் சேலம் வட்டாரம் கொடுக்கிற மிகப் பெரிய உதவி இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. தாயமும் பரமபதமும் துணியில் வரைந்து விளையாடியவைதான். வாங்குபவருக்கும் அந்நியமாக இருக்காது.

முதலில் எடை. 40 செ.மீ. சதுரத்தில் 2 மி.மீ. கிரே போர்டு, இரு பக்கமும் ஆர்ட் பேப்பர் என்றால் பலகை மட்டும் 250 கிராம் பக்கம் வரும். அதே அளவு 150 ஜிஎஸ்எம் பருத்தித் துணி 24 கிராம்; ஓரம் மடித்துத் தைத்தால் முப்பதுக்குள். இந்த வித்தியாசம் கூரியரில் போய் நிற்கும். பல கூரியர்கள் எடையோடு பருமனையும் பார்க்கின்றன: நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.இல் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் வருவது கிலோ கணக்கு. இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. மடிப்புப் பலகைக்காக 30 × 30 × 7 செ.மீ. பெட்டி செய்தால் 1.26 கிலோ. துணிப் பலகையும் சீட்டுக்கட்டும் 20 × 14 × 5 செ.மீ. பெட்டியில் அடங்கும், அது 0.28 கிலோ. உள்ளே காயும் தாயக்கட்டையும் சேர்ந்தாலும் 500 கிராமுக்குள் நிறுத்திவிடலாம். இடமும் அப்படித்தான். பெரிய பெட்டி 500 என்றால் மூன்று கன மீட்டருக்கு மேல், ஏறத்தாழ நான்கு பீரோ அடைக்கும் இடம். சின்னது 0.7 கன மீட்டர், ஒரே பீரோ.

துணிக் கணக்கு இது. 36 அங்குல அகலக் காடா அல்லது வெளுத்த பருத்தி. 42 செ.மீ. சதுரமாக வெட்டி, நான்கு புறமும் ஒரு செ.மீ. மடித்துத் தைத்தால் 40 செ.மீ. பலகை. அகலத்தில் இரண்டு வரும். நூறு பலகைக்கு 50 வரிசை, 21 மீட்டர். ஆனால் அச்சுக்கு முன்னால் துணியை நனைத்துக் காயவைத்தே ஆக வேண்டும். 5 சதவீதம் சுருங்கினாலே 40 செ.மீ. பலகையில் 2 செ.மீ. போய்விடும், அச்சடித்த பிறகு சுருங்கினால் கட்டங்கள் கோணும். அதனால் 23 மீட்டர் வாங்குங்கள். இழை நேராக வெட்ட வேண்டும். நூல் ஒன்றை உருவி அந்தத் தடத்தில் கத்தரி ஓட்டுவதே பழைய, நிச்சயமான முறை. சாய்த்து வெட்டினால் முதல் சலவையில் சதுரம் சாய்சதுரமாகும்.

அச்சு ஸ்கிரீன் பிரிண்டிங். நிறம் ஒன்றுக்கு ஒரு ஸ்கிரீன் என்பதால் இரண்டு நிறத்தில் முடிக்கப் பாருங்கள். துணியில் ஒரு நிறம் இன்னொன்றோடு மி.மீ. அளவு விலகுவதைத் தவிர்க்க முடியாது. இரண்டு நிறத்தை ஒட்டி ஒட்டி வைத்தால் நடுவில் துணி பல்லைக் காட்டும். ஒரு நிறத்தைக் கொஞ்சம் தாராளமாக அடித்து, அதன் விளிம்பின் மேல் தடித்த கருப்புக் கோடு வருமாறு வரைந்தால் விலகல் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். பிக்மென்ட் மை என்றால் சுமார் 150 டிகிரி சூட்டில் சில நிமிடம் வைத்துப் பதப்படுத்த வேண்டும். வெயிலில் காய்ந்தது பார்வைக்கு முடிந்த மாதிரிதான் இருக்கும். ஈர வெள்ளைத்துணியால் பத்து முறை தேய்த்துப் பாருங்கள்; நிறம் ஏறினால் சூடு போதவில்லை. திருப்பிக் கொடுக்கக் கூச்சப்படாதீர்கள், இல்லையென்றால் விளையாடுபவர் கையெல்லாம் சாயம்.

குறை இல்லாமல் இல்லை. துணி மேசையில் நழுவும், மடிப்புக்கோடு நிற்கும், உயரமான காய் சாயும். எனவே காய் தாழ்வாக, அடி அகலமாக இருக்க வேண்டும். சோழியும் புளியங்கொட்டையும் செலவே இல்லாதவை. நல்ல காய் வேண்டுமென்றால் பெங்களூருவைத் தாண்டி மைசூரு சாலையில் இருக்கும் சென்னபட்டணத்தில் லேத்தில் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றித் தருவார்கள். லேத்தில் கடைவதால் உருண்டை வடிவங்கள்தான் சுலபம். ஆடு, புலி என்று உருவம் கேட்டால் கை வேலையாகி விலை ஏறும். ஆடு புலி ஆட்டத்துக்கு மூன்று புலி, பதினைந்து ஆடு. உருவம் செதுக்காமல், உயரத்தையும் நிறத்தையும் மாற்றினாலே ஆடுபவருக்குப் பிரித்துத் தெரியும்.

கடைக்காரர்கள் துணிப் பலகையைப் பார்த்ததும் தயங்குவார்கள், பெட்டி சிறிதாக இருப்பதால் விலை அதிகமாகத் தோன்றும் என்று. அலமாரியில் அது உண்மைதான். ஏற்காட்டில் நேர்மாறு. மலையில் ஈரத்துக்கு அட்டைப் பலகை நடுவில் தூக்கிக்கொள்ளும். துணிக்கு ஒன்றும் ஆகாது. மழையில் அறைக்குள் அடைபட்டுக் கிடக்கும் விருந்தினருக்காகத் தங்கும் விடுதிகள் வாங்கி வைக்க ஏற்றதும் இதுதான், அழுக்கானால் துவைத்துவிடலாம். மே மாதக் கோடை விழா நேரத்தில் ஏரிப் பக்கத்துக் கடைகளில் விற்றால் பணம் என்ற பேச்சில் வைப்பதானால், அட்டைக்கட்டை மட்டும் சுருக்குப் படலம் போட்டுக் கொடுங்கள்.

சிவகாசி ஆஃப்செட்

தரம் என்று பார்த்தால் இதற்கு நிகர் இல்லை. நிறம் ஆயிரம் தாளிலும் ஒரே மாதிரி, வெட்டு டையில், மூலை உருட்டல் எல்லாம் ஒரே கூரையின் கீழ். 54 அட்டையும் ஒரே பெரிய தாளில் வருமாறு அமைப்பார்கள். வீட்டில் உங்கள் கை படும் நேரம் பெட்டிக்கு மூன்று நான்கு நிமிடத்துக்கு இறங்கிவிடும். அப்படியானால் ஏன் முதலிலேயே அங்கே போகக் கூடாது?

ஒரு கணக்கு. எண்கள் விளக்கத்துக்கு மட்டும். உங்கள் கொட்டேஷனை இட்டுப் பாருங்கள். டிஜிட்டலில் பெட்டிக்கு 260 ரூபாய். ஆஃப்செட்டில் பிளேட், டை, மிஷின் ஏற்றும்போது வீணாகும் தாள் ஆகியவற்றுக்கு ஒருமுறைச் செலவு 30,000. அதற்கு மேல் பெட்டிக்கு 110. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 150. 30,000ஐ 150ஆல் வகுத்தால் 200. இருநூறு பெட்டிக்கு மேல் ஆஃப்செட் லாபம் என்று பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஆஃப்செட்டில் இருநூறு யாரும் அடிக்கமாட்டார்கள், 500தான். 500க்கு மொத்தம் 85,000. விற்றதை வைத்து டிஜிட்டலோடு ஒப்பிட்டால், 85,000ஐ 260ஆல் வகுக்க வேண்டும்: 327. அதாவது 327 பெட்டி விற்ற பிறகுதான் ஆஃப்செட் உங்களுக்கு மலிவு. இருநூறோடு விற்பனை நின்றால், விற்ற பெட்டி ஒன்றின் அடக்கம் 425 ரூபாய், மீதி 300 பெட்டி கட்டிலுக்கு அடியில்.

அடுத்த ஆசை ஆயிரம். 500க்கு அடக்கம் 170, ஆயிரத்துக்கு 140. முப்பது ரூபாய் மிச்சம் என்று காதில் விழும். அதற்காகக் கூடுதலாக 55,000 ரூபாய் முடங்குவது காதில் விழாது. விதியில் ஒரு பிழை இருந்து திருத்த வேண்டிவந்தால் ஆயிரம் பெட்டியையும் பிரித்துத் தாள் மாற்ற வேண்டும்.

பருவமும் இங்கே தலைகீழ். ஆடிப்பெருக்கை ஒட்டிப் புது காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அங்கிருந்து மார்கழி வரை சிவகாசி அச்சகங்கள் காலண்டரில் மூழ்கியிருக்கும், நடுவில் தீபாவளிக்குப் பட்டாசு லேபிள் வேறு. ஐந்நூறு பிரதி ஆர்டர் அப்போது வரிசையின் கடைசியில்தான் நிற்கும். தைப்பொங்கல் கழித்துப் போனால் பேச ஆள் கிடைக்கும், கோடை விற்பனைக்குள் சரக்கும் கையில் இருக்கும்.

எதில் விற்கிறீர்கள் என்பது எதில் அடிப்பது என்பதை மாற்றும்

தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்று, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. மாநில எல்லை தாண்டி ஒரு பெட்டி விற்றாலும் பதிவு வேண்டும்; ஓசூர் கடைக்குக் கொடுக்கலாம், அடுத்த ஊரான அத்திப்பள்ளிக்கு அனுப்பினால் கணக்கே மாறுகிறது. கைவினைப் பொருளுக்குச் சலுகை உண்டு, அச்சிட்ட அட்டை அதில் வராது. 2025 செப்டம்பர் 22 முதல் பலகை விளையாட்டுகளுக்கும் சீட்டுக்கட்டுக்கும் வரி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 90 பெட்டி அடிப்பவர் முதல் சுற்றை மாநிலத்துக்குள்ளேயே விற்று முடிக்கலாம். 500 அடிப்பவருக்குப் பெங்களூரு இல்லாமல் தீராது, எனவே அவர் பதிவோடுதான் தொடங்க வேண்டும்.

வயது விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடவென்று வடிவமைத்த பொருளெல்லாம் பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வரும். 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், ஐஎஸ் 9873 தரப்படி சோதனை. பெட்டியில் 14+ என்று அச்சடித்துவிட்டு உள்ளே யானைக்குட்டியும் எண் பழகும் விளையாட்டும் வைத்தால் அந்த எண் காப்பாற்றாது. உரிமம் எடுக்கும் செலவு 90 பெட்டியில் திரும்பாது. ஆகையால் ஓய்வு நேரத்தில் செய்பவர் முதல் விளையாட்டைப் பெரியவர்களுக்காகவே உருவாக்குவது நல்லது. ஐஎஸ்ஐ முத்திரையிலிருந்து சென்னபட்டணத்துக் கைவினைஞருக்கு இருக்கும் விலக்கு அவர் செய்யும் பொம்மைக்குத்தான். உங்கள் பெட்டி முழுவதற்கும் அது தானாக வந்துவிடாது.

பெட்டியின் வெளியே உங்கள் பெயர், முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், எண்ணிக்கை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகார் சொல்லத் தொலைபேசியும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும். விலையையும் மாதத்தையும் பெட்டியோடு சேர்த்து அச்சடிக்காமல் ஸ்டிக்கருக்கு இடம் விடுங்கள், அடுத்த அச்சுக்கு அதே பெட்டி ஆகும். விளையாட்டின் பெயரைக் காக்க நினைத்தால் வணிகக் குறிப் பதிவில் விளையாட்டுப் பொருட்களுக்கான 28ஆம் வகுப்பு. தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் கட்டணம் 4,500 ரூபாய். விதிகளின் சொற்களுக்கும் படத்துக்கும் பதிப்புரிமை உண்டு, ஆடும் முறைக்கு இல்லை. அரசு ஊழியர் என்றால் எதற்கும் முன்னால் துறை அனுமதி.

எங்கள் தேர்வு

முதல் சுற்றுக்கு 90 கட்டு உள்ளூர் டிஜிட்டல், நூறு துணிப் பலகை, கொலுசுப்பெட்டி செய்பவரிடம் பெட்டி. மூலையும் வெட்டும் பைண்டிங் கடையில். வீட்டில் செய்வது மடிப்பது, எண்ணுவது, கட்டுவது மட்டும். கடைக்கு 35 சதவீதக் கழிவு கொடுத்தாலும் நிற்கிற விலையை வையுங்கள்: அடக்கம் 260 என்றால் 699க்குக் குறையாமல். கடைக்குப் போக 454 கையில் வரும், அதில் 194 மிச்சம். சேதமும் ஏற்றியிறக்கும் செலவும் அதிலிருந்துதான். 499 என்று வைத்தால் கையில் வருவது 324, மிச்சம் 64 ரூபாய்.

முதல் 90 நான்கு மாதத்துக்குள் தீர்ந்து, கேட்டு எழுதுபவர் பட்டியல் அறுபது எழுபதைத் தாண்டினால் மட்டும் சிவகாசி, அதுவும் 500தான். பலகையை அப்போதும் துணியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அட்டையும் பெட்டியும் மட்டும் அங்கே. மெதுவாக விற்றால் இன்னொரு 54 தாள் அடுக்கு அடித்து 18 கட்டு எடுத்துக்கொள்ளலாம், யாருடைய குறைந்தபட்ச எண்ணிக்கைக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: டிஜிட்டலில் இரண்டு முறை அடித்தால் முதுகின் நிறம் ஒத்துப்போகாது. பழைய சீட்டுக்கட்டையும் புதுச் சீட்டுக்கட்டையும் கலந்து ஒரு பெட்டியில் போடாதீர்கள், கூடுதல் அட்டைகள் தனியாக விற்க நினைத்தால் அவற்றுக்கு வேறு முதுகு வரையுங்கள்.

சிவகாசிக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: விற்ற பெட்டி ஒன்று, அச்சில்லாத வெள்ளை அட்டையில் அதே அளவில் செய்த டம்மி ஒன்று, விதியில் திருத்த வேண்டிய இடங்களின் பட்டியல். டைக்குப் பணம் கொடுக்கும்போது அது யாருடையது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சேலத்தில் துணிக்குச் செய்த ஸ்கிரீனுக்கும் அதேதான்.